தலையில் போடும் சாக்குக்கு ஒரு பெயர்

கண்டி டவுனில் குடை, ரெயின்கோட், பயணப் பை விற்கும் கடை ஒன்றில் வேலை செய்கிறேன். முதலாளி அலவத்துகொடக்காரர். நல்ல மனுசன். ஆனால் கடையில் உள்ள ஒவ்வொரு சாமானுக்கும் அவரே பெயர் வைத்ததுபோலப் பேசுவார். ஒரு நாள் காலையில் கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பெண் ஒருத்தி வந்தாள். தொங்கிய ரெயின்கோட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். எதுவும் பிடிக்கவில்லை.

"கொங்காணி மாதிரி ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டாள்.

முதலாளி என்னைப் பார்த்தார். "அது என்ன சாமான் புள்ள?"

"மழைக்குத் தலையில போடுறது, மொதலாளி."

"அப்ப இந்தா தொங்குதே, தொப்பியும் வச்சி."

"கையி வச்சது வேணாங்க" என்றாள் அந்தப் பெண். "இத போட்டுக்கிட்டு கொழுந்து எடுத்தா கக்கத்துல தண்ணி நிக்கும். தொப்பி மேல கூடைக் கயிறு நிக்காது, வழுக்கும்."

ஒன்றும் வாங்காமல் போய்விட்டாள். வியாபாரம் போன எரிச்சலில் முதலாளி கேட்டார்: "அது தமிழா புள்ள?"

எனக்குக் கோபம் வருவதற்கு இவ்வளவு போதும். "பின்ன என்ன பாசை?" என்றேன்.

"நானுந்தான் தமிழ் பேசுறன். மழ வந்தா எங்க உம்மா முக்காட்ட இழுத்து வுட்டுக்கிட்டு நடப்பா. கொங்காணின்னு ஒரு நாளும் சொன்னதில்ல."

பைகளை அடுக்கிக்கொண்டிருந்த யாழ்ப்பாணத்துப் பெண்ணும் வாயைத் திறந்தாள். "நாங்களும் சாக்கைத் தலையில போடுறனாங்கள்தான். ஆனா சாக்கெண்டுதான் சொல்லுவம். அதுக்கொரு தனிப் பேர் இருக்கெண்டு இண்டைக்குத்தான் கேள்விப்படுறன்."

"இப்ப கேட்டுட்டீங்கதானே, ரெண்டு பேரும் எழுதி வச்சிக்கங்க" என்றேன். இருவரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரே தெருவில் தமிழ் பேசிக்கொண்டு திரிகிறோம். என் அம்மா தினமும் தலையில் போடுகிற பொருளின் பெயர் பக்கத்தில் நிற்கிறவளுக்குத் தெரியாது. கோபம் அடங்கிய பிறகு வேறொன்று பிடித்துக்கொண்டது. எங்களுக்கு மட்டும் எங்கிருந்து வந்தது இந்தச் சொல்?

அடுத்த லீவில் நூலகத்துக்குப் போய்த் தடித்த அகராதி ஒன்றை எடுத்துப் பார்த்தேன். இருந்தது. மழைக்கும் குளிருக்கும் தலையோடு சேர்த்து உடம்பை மூடுவது என்ற மாதிரி எழுதியிருந்தார்கள். கொங்கண தேசத்தைச் சேர்ந்தது என்று இன்னொரு பொருளும் இருந்தது. அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று எழுதவில்லை. அந்தத் தேசத்து ஆட்கள் இப்படி மூடிக்கொண்டு மழையில் நடந்தார்களோ, அந்தக் கம்பளி அங்கிருந்து வந்ததோ, எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல எழுதுகிறவர்கள் எழுதட்டும்.

எங்கள் தோட்டத்தில் அது என்னவென்று மட்டும் என்னால் சொல்ல முடியும். முன்பு சணல் சாக்கு. இப்போது உரம் வந்த பிளாஸ்டிக் பை. சாக்கின் அடியில் இரண்டு மூலை இருக்கும். ஒரு மூலையை உள்ளுக்குத் தள்ளி மற்ற மூலைக்குள் சொருக வேண்டும். சாக்கு விரிந்து கூம்பு மாதிரி ஒரு குல்லாய் வரும். அதைத் தலையில் கவிழ்த்தால் மீதிச் சாக்கு முதுகில் இறங்கி இடுப்பு வரைக்கும் மூடும். கை இரண்டும் வெளியே, வேலைக்கு. கூடைக் கயிறு நெற்றிக்கு மேலே, அந்த இரட்டைச் சாக்கின் மேல் உட்காரும். ஆகவே அது மழைக்கு மட்டும் போடுவது இல்லை, மண்டைக்கும் சேர்த்துத்தான். குளிர் காலத்தில் உள்ளே கம்பளியை மடித்துப் போடுவார்கள். தூரத்து மலையில் பார்த்தால் எல்லாரும் ஒரே மாதிரி இருப்பார்கள். "கொங்காணிக்குள்ள யாரு?" என்று கத்தித்தான் கேட்க வேண்டும். கடன்காரனைக் கண்டு வேறு பாதையில் போகிறவனையும் "கொங்காணி போட்டுக்கிட்டுப் போறான்" என்போம், வெயில் காய்ந்தாலும்.

இந்தச் சொல்லை இவ்வளவு தூரம் நான் துரத்திக்கொண்டிருந்த நாட்களில்தான் என் தங்கச்சியைப் பெண் பார்க்க வருவதாகச் சொன்னார்கள்.

தங்கச்சி தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவள். மாப்பிள்ளை கண்டி டவுனில் போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். கலஹாவிலிருந்து பேராதனை போகும் பஸ்ஸில் பழக்கம். அவள் உடைந்த போனோடு ஏறினாள், அவன் சரிசெய்து கொடுத்தான், அப்புறம் அந்தப் போன் அடிக்கடி உடைந்தது. எங்களுக்கு அப்பா இல்லை. வீட்டில் கேட்க வேண்டிய கேள்வியெல்லாம் நான்தான் கேட்பேன். பையனைக் கேட்டேன். ஒழுங்காகப் பதில் சொன்னான். எனக்குப் பிடித்துப் போயிற்று.

சிக்கல் அவன் அம்மாவோடு. அவருக்குப் புருசன் இல்லை. புருசனின் குடும்பம் கண்டியில் புடவை வியாபாரத்துக்கு வந்த குடும்பமாம், ஒரு நாளும் தோட்டத்தில் கால் வைத்ததில்லையாம். அந்த அம்மா ஹுன்னஸ்கிரியா டவுனில் பிறந்தவராம், அவர் அப்பாவுக்கு அங்கே கடை இருந்ததாம். போனில் பேசும்போதே நிபந்தனை வந்துவிட்டது. கல்யாணக் கார்டில் தோட்டத்தின் பெயர் போடக்கூடாது, கலஹா என்று மட்டும் போட வேண்டும். தோட்டத்து ஆட்கள் பஸ் பிடித்துக் கல்யாண ஹோலுக்கு வரக்கூடாது, நெருங்கிய சொந்தம் மட்டும் வந்தால் போதும். கேட்டால் பொண்ணு வீட்டில் சும்மா இருந்தவள் என்று சொல்ல வேண்டும்.

"சும்மா இருந்தவளா?" என்று நான் போனிலேயே கேட்டேன். என் அம்மா என் கையிலிருந்து போனைப் பிடுங்கிவிட்டார்.

அன்றைக்குப் படுக்கும்போது தங்கச்சி சொன்னாள்: "அக்கா, அந்த வீட்டுக்குப் போயி தெனம் நான் யாருன்னு ஒரு கதை சொல்லிக்கிட்டு இருக்கணும் போலருக்கு." அவனும் வேண்டும் அவளுக்கு. அந்தக் கதை வேண்டாம். இரண்டில் ஒன்றைத்தான் தருவார்கள் என்றால் எதை எடுப்பாள் என்று எனக்கும் தெரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். மாப்பிள்ளை, அவன் அம்மா, அப்பாவின் தம்பி. அந்தச் சித்தப்பாதான் குடும்பத்துக்குப் பெரிய ஆள். மாப்பிள்ளையின் கடை இருக்கிற கட்டடம் அவருடையது. வேனும் அவருடையது.

காலையில் இருந்தே அடை மழை. தேயிலை அரைக்கும் ஸ்டோருக்கு மேலே, எங்கள் லயத்து வீட்டு வரிசைக்கு வருகிற பாதையில் மண் சரிந்து கிடந்தது. அதை அள்ளிப் போடச் சொல்லித் தோட்ட நிர்வாகத்திடம் எத்தனையோ தடவை கேட்டாயிற்று. வேன் ஸ்டோரடியில் நின்றுவிட்டது. மேலே நடந்துதான் வர வேண்டும். கடையிலிருந்து கொண்டுவந்த குடை ஒன்றையும் காய்ந்த உரச் சாக்குகள் சிலவற்றையும் எடுத்துக்கொண்டு நான் கீழே ஓடினேன்.

அந்த அம்மா பட்டுச் சேலையில் இறங்கினார். சாக்கைப் பார்த்ததும் முகம் சுண்டியது. "இது எதுக்கு?"

"தலைக்குங்க. காத்துக்குக் குடை நிக்காது."

"எனக்குப் பழக்கமில்ல. குடைய தா."

கொடுத்தேன். முதல் வளைவிலேயே காற்று அந்தக் குடையைப் பிடித்து, கம்பியெல்லாம் வெளியே தெரிய மலர்த்திவிட்டது. எங்கள் கடைக் குடைதான். இதை முதலாளியிடம் நான் சொல்லப் போவதில்லை.

மாப்பிள்ளை நனைந்தால் நனையட்டும் என்று முன்னால் நடந்தான். சித்தப்பா ஒரு சாக்கை வாங்கி, சட்டை போடுகிற மாதிரி தலையோடு மாட்டித் தோள் வரைக்கும் இழுத்துவிட்டார். கண் மறைந்துவிட்டது. "அண்ணி, பாதை எங்க? அண்ணி!" என்று இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு, தண்ணீர் ஓடுகிற பாதையோரக் கானுக்குள் இறங்கப் போனார்.

"அட, கொங்காணிய இப்புடியா போடுறது! குடுங்க இங்க!"

சத்தம் போட்டது அந்த அம்மா. சாக்கை அவர் தலையிலிருந்து உருவினார். ஒரு உதறு. கைமுட்டியை ஒரு மூலைக்குள் விட்டார், மற்ற மூலை தானாக வந்து ஏறியது. சித்தப்பாவின் தலையில் கவிழ்த்தார். பிறகு இரண்டு பெருவிரலையும் சேர்த்து நெற்றிக்கு மேலே சாக்கை அழுத்தி ஒரு பள்ளம் விட்டார். அது கூடைக் கயிறு உட்காருவதற்கு விடுகிற பள்ளம். அங்கே கூடையும் இல்லை, கயிறும் இல்லை. அவருடைய விரல் அதைக் கேட்கவில்லை. அதே வேகத்தில் இன்னொரு சாக்கை எடுத்துத் தன் தலையிலும் போட்டுக்கொண்டு, பட்டுச் சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் சொருகி, பாதத்தைப் பக்கவாட்டில் வைத்து வைத்து அந்த வழுக்குப் படியில் விறுவிறுவென்று ஏறினார்.

நான் அந்த இடத்திலேயே நின்றேன். என் உடம்பெல்லாம் ஒரு கேள்வியாக இருந்தது.

பாதி ஏறிய பிறகுதான் அவருக்கு நினைவு வந்தது. நின்றார். சேலையை இறக்கிவிட்டார். திரும்பி என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

வீட்டு முன்பக்க இஸ்தோப்பில் கதிரை போட்டிருந்தோம். சித்தப்பா உட்கார்ந்ததும் காற்சட்டையைச் சுருட்டிக்கொண்டு கத்த ஆரம்பித்தார். அட்டை ஏறியிருந்தது. என் அம்மா உப்பை எடுத்துக்கொண்டு ஓடினார். நான் தேத்தண்ணி பார்க்கக் குசினிக்குள் போனேன். தங்கச்சி சேலை உடுத்திக்கொண்டு அடுப்படியில் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். பின்னாலேயே அந்த அம்மாவும் வந்தார், கை கழுவ வேண்டும் என்று சொல்லிக்கொண்டு.

தண்ணீர் ஊற்றினேன். ஊற்றிக்கொண்டே கேட்டேன்: "எந்தத் தோட்டம்?"

"மெதுவா பேசு."

"மெதுவாத்தான் கேக்குறேன். எந்தத் தோட்டம்?"

"ஹுன்னஸ்கிரியா பக்கம்." கையைத் துடைக்காமல் நின்றார். "டவுன் இல்ல. மேல, மலையில."

"அப்ப எங்க தோட்டத்துப் பேரு மட்டும் கார்டுல போட்டா நாறுமா?"

"ஏய், ஒனக்கு வாய் நீளம்" என்றார். கோபம் எனக்கு மட்டும் சொந்தமில்லை என்று அப்போது தெரிந்தது. "வெளிய ஒக்காந்திருக்காரே, அவருக்குத் தெரிஞ்சா கடைய காலி பண்ணுன்னு சொல்லுவாரு. அவங்க ஆத்தா எம் புருசன எத்தன தடவ கேட்டுச்சு தெரியுமா, தோட்டத்துப் பொண்ணா தோட்டத்துப் பொண்ணான்னு? இல்ல இல்லன்னு சொல்லித்தான் உள்ள வந்தேன். அந்தக் கடைய நம்பித்தான் ஒன் தங்கச்சியும் வரப் போறா. பேசணும்னா போயி பேசு. போ."

தங்கச்சி முதுகைக் காட்டிக்கொண்டு தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வார்த்தையும் அவள் காதில் விழுந்தது. ஒரு கோப்பை நிரம்பி வழிந்தது, அவள் கவனிக்கவில்லை.

நானும் அந்த அம்மாவும் வெளியே வந்தோம். அட்டை கழன்ற சந்தோசத்தில் சித்தப்பா குஷியாக இருந்தார். இஸ்தோப்புக் கம்பியில் தொங்கிய சாக்கைக் காட்டினார்.

"அண்ணி, இத எங்க படிச்சீங்க? மந்திரம் மாதிரி கட்டிவிட்டீங்களே!"

எல்லாரும் அண்ணியைப் பார்த்தார்கள். மாப்பிள்ளையும் பார்த்தான். அந்த அம்மாவின் முகத்தில் ஒன்றும் இல்லை, சுவர் மாதிரி இருந்தது. தங்கச்சியின் கல்யாணம் அந்தக் கேள்விக்கு முன்னால் நிற்கிறது என்று எனக்குப் புரிந்தது. நான் பொய் சொல்வதில்லை. நல்ல குணத்தால் இல்லை, வராது. ஆனாலும் சொன்னேன்.

"நான்தாங்க கீழ காட்டிக் குடுத்தேன். ஒரு தடவதான். டக்குனு புடிச்சுக்கிட்டாங்க."

"அதானே பாத்தேன்" என்றார் சித்தப்பா. "பெரிய வித்தையா என்ன? ரெண்டு மூலை, ஒரு குத்து. மடையனும் செய்வான்." சாக்கை எடுத்து ஒரு மூலையைக் குத்தி, கோணலாக ஒன்றைச் செய்து தலையில் வைத்துக்கொண்டார். "சரிதானே?"

அதோடு முடிந்திருக்கும். என் அம்மா உப்புக் கிண்ணத்தோடு நின்றவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"இவளா காட்டுனா? இவளுக்கே வராதுங்க. சின்னதுல இருந்து இவ போட்டா கூம்பு ஒரு பக்கம் சரியும். டவுனுக்குப் போனதுல இருந்து அதுவும் மறந்து போச்சு. நீங்க போட்டிருந்தீங்க பாருங்க சம்மந்தி, அச்சு அசலா எங்க மலையில போடுற மாதிரி."

அம்மாவுக்குக் குசினியில் நடந்தது தெரியாது. பாராட்டுகிறேன் என்று நினைத்துச் சொன்னார். உண்மைதான், எனக்குக் கூம்பு சரியும்.

சித்தப்பா கோணல் சாக்கோடு என்னைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார். "அப்ப?"

"அத கழட்டுங்க மொதல்ல" என்றார் அந்த அம்மா. "பாக்கவே சகிக்கல."

"ஏன், சரியாத்தானே இருக்கு?"

"எது சரி? அத போட்டுக்கிட்டு ஒரு நெரை கொழுந்து எடுத்து முடிக்க முடியுமா? கழுத்துக்குள்ள தண்ணி போகும். மடையனும் செய்வானாம்! நான் எங்கம்மாவுக்குப் பின்னால நின்னு வருசக் கணக்கா போட்டுப் போட்டு அடி வாங்கிப் படிச்சது. ஒரு தடவ காட்டுனா வருமா இது? யாருகிட்ட சொல்றீங்க?"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு விளங்கியது. திருப்பி எடுக்கப் பார்க்கவில்லை. கதிரையில் உட்கார்ந்தார்.

"தோட்டமா?" என்றார் சித்தப்பா.

"தோட்டம்தான்."

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"ஒங்க அண்ணன்தான் கதைய கட்டுனதே. லொறில எங்க தோட்டத்துக் கடைக்குத் துணி போட வருவாரு. கல்யாணத்துக்கு மொத நாள் ஒக்கார வச்சு பாடம் சொல்லிக் குடுத்தாரு. அப்பாவுக்கு டவுன்ல கடை, மல பக்கமே போனதில்ல. அவரு போய்ட்டாரு. நான் ஒப்பிச்சிக்கிட்டு இருக்கேன்."

"அம்மா" என்றான் மாப்பிள்ளை. "எனக்குக் கூடவா சொல்லல?"

"நீ ஊமையா இருந்திருந்தா சொல்லியிருப்பேன்."

யாரும் சிரிக்கவில்லை. சித்தப்பா சாக்கைக் கழற்றிக் கதிரையில் வைத்தார். தேத்தண்ணி வரும் வரைக்கும்கூட இருக்கவில்லை. "வேன் வரைக்கும் போய்ட்டு வாறேன்" என்று சொல்லிவிட்டு, மழையில் வெறுந்தலையோடு இறங்கிப் போனார்.

அப்போது தங்கச்சி வாசலில் நின்றாள். தட்டில் கோப்பைகள்.

"அத்தை, நான் ஒண்ணு கேக்கணும். நான் ஒங்க வீட்டுக்கு வந்தா எங்க இருந்து வந்தேன்னு சொல்லணும்? மாமா ஒங்களுக்குச் சொல்லிக் குடுத்த மாதிரி ஒரு பாடம் நானும் படிக்கணுமா? இப்பவே சொல்லிடுங்க. அது என்னால முடியாது. படிச்சுத்தான் ஆகணும்னா நீங்க எந்திரிச்சு போகலாம், நான் கோவிச்சுக்க மாட்டேன்."

சொல்லிவிட்டு அவனைப் பார்த்தாள். பார்த்த பார்வையில், கோவித்துக்கொள்ள மாட்டேன் என்றது மட்டும் பொய் என்று எனக்குத் தெரிந்தது.

அவன் வாயைத் திறந்தான். அவன் அம்மா கையைக் காட்டி நிறுத்தினார்.

"தோட்டம்னே சொல்லு" என்றார். "எம் பொய்ய ஞாபகம் வச்சிக்கிறதே பெரும்பாடு. ரெண்டு பேரு பொய்ய வச்சிக்கிட்டு இந்த வயசுல என்னால மாரடிக்க ஏலாது."

"கடை?" என்றேன் நான். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"கடை போனா போகட்டும்" என்றான் மாப்பிள்ளை. "பஸ் ஸ்டாண்டுல ஒரு மேச போட்டாலும் போன் ரிப்பேர் பண்ணலாம்."

கீழே ஸ்டோரடியில் வேன் ஸ்டார்ட் ஆகிற சத்தம் கேட்டது. முதலில் யாருக்கும் புரியவில்லை. பிறகு சத்தம் தூரமாகப் போனது. மனுசன் வேனை எடுத்துக்கொண்டு போயே போய்விட்டார். என் அம்மா ஓடிப்போய் எட்டிப் பார்த்துவிட்டு, "ஐயோ, தட்டு, பழமெல்லாம் வேன்ல இருந்துச்சே" என்றார். அந்த அம்மா முதல் தடவையாகச் சிரித்தார். "தோட்டத்து வாழப்பழம் இருக்கும்ல? அதுல ஒரு சீப்பு எடுத்து வையி சம்மந்தி. தட்டு மாத்திக்குவோம்."

அப்படித்தான் எங்கள் வீட்டுத் தட்டை அவர்களிடம் கொடுத்து, அதையே அவர்கள் எங்களுக்குத் தந்து, நிச்சயம் முடிந்தது.

மாலையில் அவர்களைப் பஸ் ஏற்றி நானும் கூடப் போனேன். மறுநாள் எனக்கு வேலை. மாப்பிள்ளை முன்னால் நின்றான். நானும் அந்த அம்மாவும் பக்கத்தில் பக்கத்தில். ஈரச் சாக்கு அவர் மடியில். இவ்வளவு நாள் எனக்குள் குடைந்ததையெல்லாம் கேட்டேன். உங்கள் மலையிலும் கொங்காணி என்றுதான் சொல்வீர்களா?

"சொல்லுவோம். ஆனா வெறும் சாக்குக்குச் சொல்ல மாட்டோம். உள்ள கம்பளி வச்சாத்தான் கொங்காணி. சும்மா சாக்க போட்டா சாக்குன்னுதான் சொல்றது."

"எங்க பக்கம் கம்பளி இல்லாட்டியும் கொங்காணிதான்."

"அது தப்பு."

"என்ன தப்பு? நாங்க தலையில போட்டா நாங்க வைக்கிறதுதான் பேரு."

"ஒங்க பக்கத்துல குளிர் இல்ல, அதான். ஹுன்னஸ்கிரியாவுல வந்து வெறும் சாக்கோட ஒரு நாள் நில்லு பாப்போம்."

முன் சீட்டில் இருந்தவன் திரும்பிப் பார்த்தான். அவர் குரலை இறக்கவில்லை. மழை நிற்காமல் இருந்தால் ஒரு சாக்கின் மேல் இன்னொன்று போடுவார்களாம். அந்தக் கனத்துக்கு "இரட்டைக் கொங்காணி" என்று பெயராம். என் அகராதியில் அது இல்லை. புருசன் ஒரு நாள் வேறொருத்தியைத் தூரத்தில் பார்த்து இவர்தான் என்று நினைத்து, கிட்டப் போய்க் கொங்காணியைத் தூக்கிப் பார்த்து அறை வாங்கியதையும் சொன்னார். இந்தப் பேச்சையெல்லாம் எத்தனை வருசம் வாய்க்குள்ளேயே வைத்திருந்தாரோ. எனக்கு அந்தச் செத்துப்போன மனுசன் மேல் கோபம் வந்தது. அவர் முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை. அறை வாங்கிய ஆள்தானே, அந்த மலையை ஏன் மறைக்கச் சொன்னார்? அதையும் கேட்டேன்.

"அவரு அம்மாவுக்குப் பயம்" என்றார். அதற்கு மேல் அவரைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

சித்தப்பா சொன்னபடி செய்தார். சொல்லாமலே செய்தார் என்பதுதான் சரி. கடையைக் காலி செய்யச் சொல்லி ஆள் அனுப்பினார். மாப்பிள்ளை இப்போது கலஹா டவுனில் சின்ன இடம் ஒன்றில் போன் ரிப்பேர் செய்கிறான். கண்டியைவிட வருமானம் குறைவு. அதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை. தங்கச்சி கல்யாணத்துக்குப் பிறகும் கொழுந்து எடுக்கப் போகிறாள்.

கல்யாணம் கண்டியில் ஒரு ஹோலில்தான் நடந்தது. அன்றைக்கும் மழை. தோட்டத்து ஆட்கள் பஸ் பிடித்து வந்தார்கள். பஸ் ஏறுகிற வரைக்கும் நனையாமல் இருக்கக் கொங்காணி போட்டு வந்தவர்கள் அதையெல்லாம் மடித்து, செருப்புக் கழற்றுகிற இடத்தில் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்துவிட்டு உள்ளே போனார்கள். மாப்பிள்ளையின் அப்பா பக்கத்து ஆட்களும் கொஞ்சம் பேர் வந்திருந்தார்கள். சித்தப்பா வரவில்லை, அவர் பெண்சாதி வந்திருந்தார்.

தாலி கட்டிச் சாப்பாடு நடக்கும்போது ஹோலில் துப்புரவு வேலை செய்யும் சிங்களப் பையன் ஒருவன் அந்தச் சாக்குகளை அள்ளிக் குப்பைத் தொட்டிப் பக்கம் கொண்டு போனான். நான் பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்தேன். நான் கரண்டியை வைப்பதற்குள் அந்த அம்மா மாலையோடு, பட்டுச் சேலையோடு, வாசலுக்கு ஓடினார்.

"ஏய்! ஏய்! அத வை! குப்ப இல்ல அது!"

அவன் திகைத்து நின்றான். "மொகக்த மே?" என்றான், இது என்னவென்று.

அவருக்குச் சிங்களம் நன்றாக வரும். டவுனில் அத்தனை வருசம் இருந்தவர். வாயைத் திறந்தார், ஒரு சொல்லைத் தேடினார், கையால் தலையில் கவிழ்த்துக் காட்டினார், மறுபடி தேடினார். கிடைக்கவில்லை. கொழுந்தன் பெண்சாதியும் இன்னும் சில சொந்தக்காரர்களும் கை கழுவ வந்தவர்கள் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களை அவர் பார்த்தார் என்பது எனக்குத் தெரியும்.

"கொங்காணி!" என்றார், ஹோல் முழுக்கக் கேட்கும்படி. "கொங்காணி. எங்க ஆளுங்களோடது. நனையாத எடமா பாத்து வை."